செம்மண் இரும்பும் செவ்வந்திக்கல்லும்

புதுக்கோட்டை நகருக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் இருக்கிறது பொற்பனைக்கோட்டை. முனீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்களுக்குப் பழகிய ஊர். கோயிலைச் சுற்றி மேடுதட்டிக் கிடப்பது சங்ககாலக் கோட்டையின் மதில் என்பது தொல்லியலாளர்களுக்குத் தெரிந்திருந்தாலும், அங்கே முறையாகக் குழி போட்டுப் பார்த்தது 2021-இல்தான். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் இனியன் தலைமையிலான குழு தொடங்கி வைத்தது. 2023-இல் மாநிலத் தொல்லியல் துறை தன் அகழாய்வை ஆரம்பித்தது. அந்த ஆண்டு குழிக்குள்ளிருந்து வந்தவற்றில் ஒரு தங்க மூக்குத்தி, எலும்பாலான கூர்முனைக் கருவி, ஒரு சூதுபவள மணி மூன்றும் செய்திகளில் சேர்ந்தே வந்தன. தங்கம் என்பதால் மூக்குத்தியே அதிகம் பேசப்பட்டது.

நாம் அந்த மணியைப் பார்ப்போம். சூதுபவளம் சிவப்பு. நகைக்கடையில் அமெதிஸ்ட் என்று விற்கப்படும் செவ்வந்திக்கல் ஊதா. இரண்டுமே ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். வேதியியல் இரண்டுக்கும் ஒன்றுதான். ஒரு சிலிக்கான் அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன் அணு என்ற கணக்கில் கட்டப்பட்ட குவார்ட்ஸ். ஒன்றைச் சிவப்பாக்கியதும் மற்றொன்றை ஊதாவாக்கியதும் இரும்பு. பொற்பனைக்கோட்டையின் செம்புறாங்கல்லைச் சிவக்க வைத்ததும், அந்த ஊரைச் சுற்றிப் பழங்காலத்தில் உருக்கப்பட்டதும் அதே இரும்பு. புதுக்கோட்டைச் சீமையின் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த ஊதாக்கல்லின் ரகசியத்தில் பாதி ஏற்கெனவே தெரியும்.

வெங்கச்சங்கல்லின் பிள்ளை

குவார்ட்ஸ் என்றால் ஏதோ ஆய்வுக்கூடப் பொருள் என்று நினைக்க வேண்டாம். ஆற்றுமணல் பெரும்பாலும் அதுதான். பொட்டலில் வெள்ளையாகக் கிடக்கும் வெங்கச்சங்கல்லும் அதுதான். இருட்டில் இரண்டு வெங்கச்சங்கல்லை உரசி, உள்ளே மின்னும் மஞ்சள் வெளிச்சத்தையும் அப்போது எழும் கருகல் வாசனையையும் அனுபவிக்காத கிராமத்துப் பிள்ளைகள் குறைவு. இராமேஸ்வரத்தின் படிக லிங்கமும், தாத்தாக்கள் கழுத்தில் கிடக்கும் படிக மாலையும் அழுக்குச் சேராத குவார்ட்ஸ். புகை நிறத்தில் இருந்தால் புகைப்படிகம், மஞ்சளாக இருந்தால் சிட்ரின், ஊதாவாக இருந்தால் செவ்வந்திக்கல்.

கல்லின் குணங்களைச் சொல்லிவிடலாம். மோஸ் அளவுகோலில் கடினம் 7. கண்ணாடியைக் கீறும், மாணிக்கமும் நீலமும் (9) வைரமும் (10) இதைக் கீறும். எடை, தண்ணீரைப்போல் 2.65 மடங்கு. ஒளிவிலகல் எண் 1.544 முதல் 1.553 வரை, உள்ளே நுழையும் ஒளி இரண்டாகப் பிரிவதால்தான் இரண்டு எண்கள். பிளவுத் தளம் கிடையாது. உடைந்தால் சிப்பியின் உட்புறம் மாதிரி வளைந்த முகத்தோடு உடையும். தேர்ந்த கல்லை ஒரு பக்கமாகத் திருப்பினால் நீலம் தூக்கலாகவும் இன்னொரு பக்கம் சிவப்பு தூக்கலாகவும் தெரியும்.

நிறத்துக்கு வருவோம். இந்தக் கல்லின் உண்மையான அதிசயம் அங்கேதான் இருக்கிறது. படிகம் வளரும்போது, சிலிக்கான் உட்கார வேண்டிய சில இடங்களில் இரும்பு அணு போய் உட்கார்ந்துவிடுகிறது. அளவு மிகமிகச் சொற்பம். பத்து லட்சத்தில் சில பத்துகள், சில கற்களில் சில நூறுகள். இவ்வளவு இரும்பு ஏறியும் கல் அப்போது ஊதாவாக ஆவதில்லை. சுற்றியிருக்கும் பாறையில் பொட்டாசியம் இருக்கும். அதில் சிறு பங்கு கதிரியக்கம் உள்ள பொட்டாசியம்-40. அதிலிருந்து வரும் காமாக் கதிர்கள், லட்சக்கணக்கான ஆண்டுகள் படிகத்துக்குள் ஊடுருவி, அந்த இரும்பு அணுக்களிடமிருந்து ஆளுக்கோர் எலக்ட்ரானைப் பிடுங்குகின்றன. எலக்ட்ரான் இழந்த இரும்பு, வெள்ளை ஒளியின் பச்சை மஞ்சள் பகுதியை விழுங்கத் தொடங்குகிறது. மிச்சம் இருக்கும் நீலமும் சிவப்பும் கலந்து நம் கண்ணுக்கு வருவதுதான் அந்த ஊதா. இரும்பு வேண்டும், கதிர் வேண்டும், காலம் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் வெள்ளைப் படிகம்.

பிடுங்கப்பட்ட எலக்ட்ரானைத் திரும்பக் கொடுத்துவிட்டால் நிறம் போய்விடும். அதற்குச் சூடு போதும். 400 முதல் 500 டிகிரி வெப்பத்தில் பெரும்பாலான செவ்வந்திக்கற்கள் மஞ்சளாக மாறுகின்றன. பிரேசிலின் மோன்டெசுமா போன்ற சில சுரங்கக் கற்கள் பச்சையாகின்றன. உலகச் சந்தையில் சிட்ரின் என்று விற்கப்படும் மஞ்சள் கல்லில் பெரும்பகுதி, உலையில் வெந்த செவ்வந்திக்கல். நீண்ட காலம் வெயிலில் கிடந்தாலும் சில கற்கள் வெளுத்துப்போகும். மோதிரத்தைப் பழுது பார்க்கக் கொடுக்கும்போது, பற்றவைப்பதற்கு முன் கல்லைக் கழற்றிவிடும்படி ஆசாரியிடம் சொல்வது அவசியம். ஊதுகுழல் நெருப்பு ஒரு நிமிடம் பட்டால் லட்சம் ஆண்டு வேலை அழிந்துவிடும்.

எங்கே விளைகிறது?

இன்று நகைக்கடைக்கு வரும் கல்லில் பெரும்பங்கு பிரேசிலின் தென்கோடி மாநிலமான ரியோ கிராண்டே டோ சுல், அதை ஒட்டிய உருகுவேயின் ஆர்ட்டிகாஸ், ஆப்பிரிக்காவின் ஸாம்பியா ஆகிய இடங்களிலிருந்து வருகிறது. பிரேசிலில் சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பெருக்கெடுத்து ஓடி உறைந்தது. உறையும்போது வாயுக் குமிழிகள் உள்ளேயே சிக்கிக் குகைகளாக நின்றன. பிறகு சிலிக்கா கரைந்த நீர் அவற்றுக்குள் கசிந்தது. முதலில் சுவரை ஒட்டி அகேட் படிந்தது. அதன்மேல் வெள்ளைக் குவார்ட்ஸ். கடைசியில், உள்நோக்கி நீட்டிய கூர்முனைகளாகச் செவ்வந்திப் படிகங்கள். வடகாட்டுப் பலாவைப் பிளந்தது மாதிரி, முரட்டுத் தோலுக்குள் வரிசையாகச் சுளைகள். ஆள் உயரத்துக்கும் மேலான கூடுகள் அங்கே கிடைத்திருக்கின்றன. நம் நாட்டிலும் மகாராஷ்டிரத்தின் தக்காணப் பாறைகளில், சுமார் 6.6 கோடி ஆண்டுப் பழமையான எரிமலைப் படிவங்களில், இதே முறையில் செவ்வந்திக்கல் உருவாகியிருக்கிறது.

புதுக்கோட்டையில் அப்படிப்பட்ட எரிமலைப் படிவம் இல்லை. நார்த்தாமலை, குடுமியான்மலை, சித்தன்னவாசல் என்று மேற்கே நிமிர்ந்து நிற்பவை மிகப் பழைய நைஸ், கிரானைட் வகைப் பாறைகள். இத்தகைய பாறை நாட்டில் குவார்ட்ஸ் வேறு வழியில் பிறக்கும். ஆழத்திலிருந்து சூடான நீர் பாறை வெடிப்புகளில் ஏறி, ஆறும்போது தான் கரைத்து வைத்திருந்த சிலிக்காவை நரம்பு நரம்பாக இறக்கிவைத்துவிட்டுப் போகும். வெடிப்பில் இடம் இருந்தால் அறுபட்டை முனையோடு படிகம் வளரும். அந்த நீரில் கொஞ்சம் இரும்பும் இருந்து, பக்கத்தில் பொட்டாசியம் நிறைந்த பாறையும் இருந்தால், ஊதாவுக்கு வேண்டியதெல்லாம் சேர்ந்துவிட்டது.

கிழக்கும் வடக்கும் வேறு கதை. தஞ்சாவூரிலிருந்து கந்தர்வகோட்டை, ஆதனக்கோட்டை, பெருங்களூர் வழியாகப் புதுக்கோட்டைக்கு வருகிறவர்கள் சாலை ஓரத்து முந்திரித் தோப்புகளையும் செக்கச்செவேல் என்ற மண்ணையும் பார்த்திருப்பார்கள். ஆதனக்கோட்டையில் வறுத்த முந்திரி வாங்காமல் வந்தவர்கள் குறைவு. அந்தச் செம்மண்ணுக்கும் செம்புறாங்கல்லுக்கும் அடியில் கிடப்பது கடலூர் மணற்கல். மேற்கே மலைகள் தேய்ந்து, ஆறுகள் உருட்டிக் கொண்டுவந்து சேர்த்த மணலும் கூழாங்கற்களும் இறுகிய படிவம் அது. கந்தர்வகோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கமெல்லாம் இது பரவியிருக்கிறது. திருவரங்குளம் அருகே நரிமேட்டில் கல்லாய்ச் சமைந்த மரத் துண்டுகள் கிடைத்ததும் இந்த நிலப்பரப்பில்தான். மரத்தின் சதை போய் அந்த இடத்தில் சிலிக்கா குடியேறியதால்தான் அது கல்மரம் ஆனது. மறுபடியும் நம் கல்லின் குடும்பம்.

இதே படிவத்தின் வடக்கு விளிம்பில் இருக்கிறது வல்லம். தஞ்சை மாவட்டத்து ஊர் என்றாலும், கந்தர்வகோட்டைச் செம்மண்ணும் வல்லத்துச் செம்மண்ணும் ஒரே நிலத்தின் தொடர்ச்சி. அங்கே கூழாங்கற்களோடு கிடைத்த படிகக் கற்கள் 19-ஆம் நூற்றாண்டில் பெயர் பெற்றிருந்தன. ஆங்கிலேயர்கள் அவற்றை வல்லம் வைரம் என்றே குறித்து வைத்தார்கள். நிறமற்ற படிகத்தோடு புகைநிறக் கல்லும் மஞ்சள் கல்லும் செவ்வந்திக்கல்லும் அந்தப் பட்டியலில் உண்டு. தெளிந்த படிகத்தை இழைத்து மூக்குக்கண்ணாடி செய்தார்கள். தஞ்சாவூர்க் கண்ணாடி என்று போற்றிப் போட்டுக்கொண்டார்கள்; கீறல் விழாது, கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது அதன் புகழ். கீறல் விழாது என்பதற்குக் காரணம் அந்த 7 என்ற கடினம். குளிர்ச்சி என்பதற்கும் காரணம் உண்டு. படிகம் கண்ணாடியைவிட வேகமாக உடற்சூட்டைக் கடத்துவதால் தொட்டால் சில்லென்று இருக்கும். அனுபவத்தில் கண்டதை அப்படியே சொன்னார்கள், சரியாகச் சொன்னார்கள்.

ரோமாபுரி கேட்ட கல்

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி தம் 'இயற்கை வரலாறு' நூலின் கடைசிப் பகுதியை மணிகளுக்கு ஒதுக்கினார். செவ்வந்திக்கற்களில் முதலிடம் இந்தியக் கல்லுக்கே என்று எழுதினார். அதே பிளினிதான், ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று இன்னொரு பகுதியில் வருத்தப்பட்டவர்.

போன பணத்தில் ஒரு பங்கு புதுக்கோட்டை மண்ணில் கிடந்தது. 1898-இல் கறுக்காக்குறிச்சியில் ஒரு புதையல் வெளிவந்தது: 501 ரோமானியத் தங்கக் காசுகள். மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் குறுக்கே வெட்டு. இனி இது காசு அல்ல, தங்கம் மட்டுமே என்று யாரோ தீர்மானித்து வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பொன் மிளகுக்கு வந்ததா, முத்துக்கு வந்ததா, மணிக்கு வந்ததா என்று காசு சொல்லாது. ஆனால் கடற்கரைத் துறைகளையும் உள்நாட்டுக் கல் பட்டறைகளையும் இணைத்த வணிக வலைக்குள் இந்தச் சீமை இருந்தது என்பதற்கு அந்த 501 காசுகளைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

பட்டறைகள் எங்கே இருந்தன என்பதும் தெரியும். நொய்யல் கரையில், ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில், 1980-களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்தது. பேராசிரியர் கா. ராஜன் அதில் முக்கியப் பங்காற்றியவர். பச்சைக்கல், படிகம், நீலம், சூதுபவளம், செவ்வந்திக்கல் எனப் பல மணிகள் வெளிவந்தன. அவற்றில் பாதி செதுக்கியது, துளை போட்டுப் பாதியில் உடைந்தது, மெருகு ஏற்றாதது என்று எல்லா நிலைகளிலும் இருந்தன. முடிந்த மணி மட்டும் கிடைத்தால் வெளியூரிலிருந்து வாங்கியது என்று சொல்லிவிடலாம். முடியாத மணி கிடைத்தால் அங்கேயே செய்தார்கள் என்று பொருள். ஒரே கல்லறையில் 2,220 சூதுபவள மணிகள் இருந்தன. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டிலும் செவ்வந்தி மணிகள் கிடைத்திருக்கின்றன.

கடினம் 7 உள்ள கல்லில், ஊசி நுழையும் அளவுக்குத் துளை போடுவது விளையாட்டல்ல. அதைவிடக் கடினமான பொருள் வேண்டும்: குருந்தக்கல் தூள் அல்லது வைரத் துணுக்கு. தண்டின் முனையில் வைரத் துணுக்கைப் பதித்து, வில்லைக் கட்டி இழுத்துச் சுழற்றி, ஒரு பக்கம் பாதி, மறுபக்கம் பாதி என்று துளைப்பார்கள். இரண்டு துளையும் நடுவில் சந்திக்க வேண்டும். கொஞ்சம் தவறினாலும் மணி பிளந்துவிடும். மின்சாரமில்லாத காலத்தில் இதைச் செய்த கைகளைப் பற்றி நாம் பேசியது போதாது. அரசர் பெயர் கல்வெட்டில் நிற்கிறது. மணி துளைத்தவர் பெயர் எங்குமே இல்லை.

கல்லுக்குக் கட்டிவிட்ட கதைகள்

இந்தக் கல்லாலான கிண்ணத்தில் மது அருந்தினால் போதை ஏறாது என்று கிரேக்கர்கள் நம்பினார்கள். அது மந்திரவாதிகளின் பொய் என்று பிளினி அப்போதே எழுதிவிட்டார். ஐரோப்பாவில் கத்தோலிக்க ஆயர்களின் மோதிரத்தில் இது இடம்பிடித்தது. மாணிக்கம், மரகதத்துக்கு நிகரான விலையில் இருந்த கல், பிரேசிலில் குவியல் குவியலாகக் கிடைத்த பிறகு 19-ஆம் நூற்றாண்டில் சரசரவென்று விலை இறங்கியது. நிறத்திலோ குணத்திலோ ஒரு குறையும் வராமல், கிடைப்பது எளிது என்ற ஒரே காரணத்தால் இறங்கிய விலை அது.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 'டெல்லி ஊதா நீலக்கல்' என்று ஒரு கல் இருக்கிறது. பெயர்தான் நீலக்கல்; உண்மையில் செவ்வந்திக்கல். 1857 கிளர்ச்சியின்போது கான்பூரில் இந்திரன் கோயிலிலிருந்து கொள்ளையடிக்கப்பட்டது என்றும், வைத்திருந்தவர்களையெல்லாம் நாசமாக்கியது என்றும் அதன் உடைமையாளர் எட்வர்ட் ஹெரான்-ஆலன் எழுதி வைத்துவிட்டுப் போனார். அவர் காலமான பின் 1944-இல் அவர் மகள் கல்லை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். கதை எழுதுவதில் தேர்ந்தவரான ஹெரான்-ஆலன் சாபத்தையும் தாமே இட்டுக்கட்டினார் என்றே பலரும் கருதுகிறார்கள்.

நம் ஊரில் வேறு கதை. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரைக் கடைவீதியில் ஒன்பது மணிகளையும் வரிசைப்படுத்துகிறது. நவமணியில் செவ்வந்திக்கல் இல்லை. ஆனாலும் இன்று ராசிக்கல் கடைகளில், "நீலம் எல்லாருக்கும் ஒத்துக்காதுங்க, அதுக்குப் பதிலா இதைப் போட்டுப் பாருங்க" என்று சனி தோஷத்துக்கு இதைக் கட்டிக்கொடுக்கிறார்கள். நீலம் குருந்த வகை, அலுமினியம் ஆக்சைடு. இது குவார்ட்ஸ். நிறத்தில் கொஞ்சம் சாயல் உண்டு என்பதைத் தவிர இரண்டுக்கும் உறவே கிடையாது. கல்யாணம் தள்ளிப்போகிறது, கடன் தீரவில்லை என்று தவித்து வருகிறவர்களிடம் ஒரு குவார்ட்ஸ் துண்டைப் பல மடங்கு விலைக்கு விற்பது ஏமாற்று. கல் அழகாக இருக்கிறது என்பதற்காக வாங்குங்கள். கிரகத்துக்காக வாங்காதீர்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது வேறு. 1970-களிலிருந்து ஆய்வுக்கூடச் செவ்வந்திக்கல் சந்தையில் இருக்கிறது. அழுத்தக் கலனில், 300 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரில் சிலிக்காவையும் இரும்பையும் கரைத்து, வாரக்கணக்கில் படிகம் வளர்த்து, கடைசியில் கோபால்ட்-60 கதிரில் காட்டுவார்கள். பூமி செய்ததையே மனிதன் அவசரமாகச் செய்தது அது. நாற்பது ஐம்பது ஆண்டு அனுபவம் உள்ள வியாபாரிகூட வெறும் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. படிகத்துக்குள் இருக்கும் இரட்டைப் பின்னல் அமைப்பு, அகச்சிவப்பு ஒளிச் சோதனை என்று ஆய்வுக்கூடத்தில்தான் தெரியும். சாதாரண மோதிரக் கல்லுக்குச் சான்றிதழ்ச் செலவு கல்லின் விலையையே தாண்டிவிடலாம். கண்ணாடிப் போலியை மட்டும் நாமே ஓரளவு கண்டுபிடிக்கலாம். உருப்பெருக்கியில் உருண்டைக் குமிழி தெரிந்தால் கண்ணாடி. ஒரே சீராக நிறம் இல்லாமல், பட்டை பட்டையாக அடர்ந்தும் வெளிறியும் இருந்தால் அது இயற்கைக் கல்லுக்கு ஏற்ற லட்சணம்.

பட்டை தீட்டும் கைகள்

திருச்சியைச் சுற்றி புதுக்கோட்டை, கரூர், பெரம்பலூர் மாவட்டக் கிராமங்களில் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டும் வேலை குடிசைத் தொழிலாகப் பரவிக் கிடந்தது. விராலிமலை, இலுப்பூர், அன்னவாசல் வட்டாரங்களில் வீட்டுத் திண்ணையில் சாணைச் சக்கரம் சுழன்ற காலம் உண்டு. மழை பொய்த்த ஆண்டுகளில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது அது. சீனாவில் எந்திரத்தில் வெட்டிய கல் மலிவாக வந்து இறங்கியதும் கூலி கட்டுப்படியாகாமல் பலர் கொத்து வேலைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள்.

அந்தக் கைகளுக்குத் தெரிந்த வித்தை செவ்வந்திக்கல்லுக்கு அப்படியே பொருந்தும். கரட்டுக் கல்லைத் தண்ணீரில் நனைத்து வெளிச்சத்தில் பிடித்து, நிறம் எந்த மூலையில் திரண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நிறம் பெரும்பாலும் படிகத்தின் கூர்முனைப் பக்கம்தான் கூடியிருக்கும். அந்த அடர்ந்த பகுதி வெட்டிய கல்லின் அடிமுனைக்கு வரும்படி அமைத்தால், மேலிருந்து பார்க்கும்போது கல் முழுக்க ஊதா பரவியது போலத் தோன்றும். அரக்கு வைத்துக் குச்சியில் ஒட்டி, அடிப்பக்கப் பட்டைகளைச் சுமார் 43 பாகையில் தீட்ட வேண்டும். குவார்ட்ஸுக்கு மாறுநிலைக் கோணம் 40 பாகையைச் சற்றே தாண்டியது. அதற்குக் கீழே கோணம் இறங்கினால் ஒளி திரும்பி மேலே வராமல் அடிவழியே ஒழுகிப்போய், நடுவில் கண்ணாடி ஜன்னல் மாதிரி வெறுமை தெரியும். இரண்டு மூன்று பாகை வித்தியாசம்தான் உயிருள்ள கல்லையும் செத்த கல்லையும் பிரிக்கிறது. கடைசியில் சீரியம் ஆக்சைடு பூசிய தட்டில் மெருகு. எந்திரம் ஆயிரம் கல்லை ஒரே அச்சில் வெட்டும். இயற்கைக் கல்லில் ஒவ்வொன்றுக்கும் நிறம் இருக்கும் இடம் வேறு, குறை இருக்கும் இடம் வேறு. அதைப் பார்த்து முடிவெடுக்க மனிதக் கண் வேண்டும். விராலிமலைப் பக்கத்துப் பட்டறைக்காரர்களுக்கு இயற்கைக் கல்லில் பயிற்சியும் மூலப்பொருளும் கிடைக்க வழி செய்வது, மறையப்போகிற ஒரு திறமையைக் காப்பாற்றும் காரியம். திறன் பயிற்சித் திட்டம் வகுக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஒரு நிபந்தனையோடு. குவார்ட்ஸ் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. சிலிக்கோசிஸ் என்ற நோய், மருந்து கிடையாது. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் மணி தீட்டும் தொழிலாளர்கள் இதற்கு எத்தனையோ உயிர்களைக் கொடுத்திருக்கிறார்கள். கல் குவாரிகளும் கிரஷர்களும் நிறைந்த புதுக்கோட்டைக்கு இந்த ஆபத்து புதிதல்ல. கல்லை உலர்ந்த நிலையில் அறுக்கவோ தீட்டவோ கூடாது. தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், தூள் உறிஞ்சும் வசதி வேண்டும். வாயில் கட்டும் கைக்குட்டை போதவே போதாது.

இதைப் படித்துவிட்டுக் கந்தர்வகோட்டைப் பக்கம் கடப்பாரையோடு கிளம்ப வேண்டாம். 1957-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டப்படி அனுமதியில்லாமல் கனிமம் தோண்டுவது குற்றம். பழைய மேடுகளைத் தோண்டினால் சட்டத்தைவிடப் பெரிய நஷ்டம் உண்டு. எந்த ஆழத்தில், எதனோடு கிடந்தது என்ற விவரம் போய்விட்டால் மணி வெறும் அலங்காரப் பொருள். வரலாறு அதிலிருந்து போய்விடும். ஆனால் உழும்போதோ, கிணறு வெட்டும்போதோ, மழைக்குப் பிறகு வரப்பிலோ துளை போட்ட ஒரு மணி உங்கள் கண்ணில் படலாம். கிடந்த இடத்தைக் குறித்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு, வட்டாட்சியரிடம் சொல்லுங்கள். புதையல்கள் பற்றிய 1878-ஆம் ஆண்டுச் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவானாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. திருக்கோகர்ணத்தில் 1910-இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு நாள் போய் வாருங்கள். மணி ஏதும் கையில் இருந்தால் அங்கே காட்டிக் கேளுங்கள்.